சீனத்துக் கட்டியும் பொரித்த குழம்பும்

எங்கள் வீட்டுக்குள் டோஃபு வந்தது 2019ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த மகள், இனித் தனக்கு மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், தயிரும் வேண்டாம் என்றாள். என் கணவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மோர்மிளகாயும் இல்லையோ?" என்று கேட்டார். அவருக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிந்தது.

எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. யாழ்ப்பாணத்துச் சைவச் சமையலில் பசும்பாலுக்கு அவ்வளவு வேலை இல்லை. சொதிக்கும் பால்கறிக்கும் தேங்காய்ப்பால்தான். வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் பழகிய வீட்டில் மச்சம் இல்லாத சாப்பாடு புதிதா என்ன? தயிரையும் நெய்யையும் எடுத்துவிட்டால் மிச்சம் எல்லாம் மகள் சாப்பிடக்கூடியதே. ஆனால் அவள் புரதம் என்றொரு கணக்கை வைத்திருந்தாள். பருப்பு போதாதாம். சட்டன் ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரு பெட்டி டோஃபு வாங்கி வந்து என் கையில் தந்தாள்.

நான் அதைத் துண்டுதுண்டாக வெட்டி, கொதிக்கிற குழம்புக்குள் அப்படியே போட்டேன். குழம்பு குழம்பாக இருந்தது. அது தண்ணீரில் ஊறிய சவர்க்காரம் போல மிதந்தது. வாயில் வைத்தால் வெளியே உறைப்பு, உள்ளே ஒன்றும் இல்லை. மகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அடுத்த கிழமையிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு, நாங்கள் சாப்பிட்டு முடிந்தபிறகு, அவள் தனியாகத் தாச்சி வைக்கத் தொடங்கினாள்.

ஊரில் ஒரு வீட்டுக்குள் வேறு உலை வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று இதை வாசிக்கிற பலருக்குத் தெரியும். அண்ணன் தம்பி காணிச் சண்டையில் கடைசியாக நடப்பது அதுதான். மகளுக்கு அப்படி ஒரு எண்ணமும் இல்லை, அவளுக்குப் பசித்தது, அவ்வளவுதான். எனக்கு மட்டும் மேல்மாடியில் படுத்துக்கொண்டு கீழே எண்ணெய் சத்தம் கேட்கும்போது நித்திரை வராது.

இன்னொன்றும் இருந்தது. சோயா வாசம் எனக்கு ஒத்துவராது. 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கி நடந்தபோது நானும் நடந்தேன். தென்மராட்சியில் சில மாதம், பிறகு கிளாலி கடந்து கிளிநொச்சி. அங்கே யாரோ தந்த பொதியில் சோயா மீற் இருந்தது. தேங்காய் வாங்கக் காசில்லை, எண்ணெய் இல்லை, விறகு ஈரம். அம்மா அதை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு அவித்தா. அந்தப் பச்சை அவரை மணம் இருபத்தைந்து வருடமாகியும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. மகளின் பெட்டியைத் திறந்தபோது முதலில் வந்தது அதுதான்.

இந்தக் கதையில் எதிர்பாராத ஆள் என் அம்மா. எண்பது தாண்டிய அவ, எங்களோடு சட்டனில் இருக்கிறா. ஒருநாள் குசினிக்குள் வந்து, வெட்டுப்பலகையில் இருந்த வெள்ளைக் கட்டியைப் பார்த்துவிட்டு, "இது தௌகு எல்லே?" என்றா.

அம்மா 1938இல் செரம்பானில் பிறந்தவ. அவவின் தகப்பன் மலாயா ரயில்வேயில் கிளாக்கர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக ஐக்கிய மலாய் அரசுகளின் ரயில்வேக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் கப்பலேறினார்கள். அவர்கள் அனுப்பிய மணியோடரில் ஊரில் கல்வீடுகள் எழுந்தன. ஓய்வுபெற்றுத் திரும்பியவர்களுக்கு மலாயா பென்சனியர் என்று பெயர். சாய்மனைக் கதிரையும் பிரம்புத் தொப்பியுமாக அவர்களை என் தலைமுறையும் கொஞ்சம் கண்டிருக்கிறது. என் அம்மப்பா 1950இல் அப்படித் திரும்பியவர். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஐம்பது வருடமாக அவ சொல்லாத ஒரு தெருவை அன்றைக்குச் சொன்னா. தோளில் தடி, தடியின் இரண்டு பக்கமும் தொங்கும் பாத்திரம், காவடி எடுப்பவர் மாதிரி வரும் சீனர். ஒரு பாத்திரத்தில் வெந்நீர்ச்சூட்டோடு நடுங்கும் வெள்ளைத் தயிர் போன்ற ஒன்று, அதன்மேல் சீனிப்பாகு. அது இனிப்புத் தௌகு. இன்னொருவர் கொண்டுவருவது அழுத்திய கட்டி. அதை மலாய்க்காரர் பொரித்து, நடுவில் கீறி, வெள்ளரிக்காயும் முளைவிட்ட பயறும் திணித்து, கச்சான் குழம்பு ஊற்றிக் கொடுப்பார்கள். எங்கள் தமிழ் முஸ்லிம்களின் கடைகளில் மீகோரெங்குக்குள்ளும் அது விழும். இன்றைக்கும் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ மாமாக் கடையில் ஒரு மீகோரெங் கேட்டால், மஞ்சள் நூடில்ஸ், உருளைக்கிழங்கு, முட்டை, இவற்றோடு பொரித்த தௌகுத் துண்டுகள் வரும். ஆக, டோஃபுவைத் தமிழர் கை தொட்டது நேற்று அல்ல. கடல் கடந்த தமிழர்களில் ஒரு பகுதிக்கு அது தெருச் சாப்பாடு. யாழ்ப்பாணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும்தான் அது வந்து சேரவில்லை.

பெயர்களைப் பார்த்தாலே பாதை தெரியும். தௌ என்றால் ஹொக்கியன் சீனத்தில் அவரை. தௌகே முளைவிட்ட பயறு, தௌச்சு புளிக்கவைத்த அவரைக் கூழ், தௌகுவா நன்றாக அழுத்திய கட்டி. மலாயில் அது தௌஹு ஆனது, அம்மாவின் வாயில் தௌகு. கொரியர் துபு என்கிறார்கள், ஜப்பானியர் தோஃபு. லண்டன் கடைக்கு வந்த பெயர் ஜப்பானிலிருந்து வந்தது. இரண்டாவது பாதிக்கு உரிய சீன எழுத்துக்கு அழுகல், நொதித்தல் என்ற பொருளும் உண்டு. எங்கள் மொழியில் பால் திரைந்துபோச்சு என்று முகம் சுளிப்போமே, அந்தத் திரைதலைத்தான் அவர்கள் வேண்டுமென்று செய்தார்கள்.

கண்டுபிடித்தவர் ஹான் வம்சத்து இளவரசர் லியூ ஆன் என்று சீனத்தில் ஒரு மரபு. அது கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. எழுத்தில் உறுதியாகக் கிடைப்பது பத்தாம் நூற்றாண்டில்தான். வேலை ஒன்றும் மந்திரமில்லை: சோயா அவரையை ஊறவைத்து, அரைத்து, காய்ச்சி, வடித்தெடுத்த பாலில் ஜிப்சமோ கடலுப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரோ விட்டால் அது திரையும். திரைந்ததைத் துணியில் கட்டிப் பாரம் வைத்தால் கட்டி.

இதைப் பற்றி ஐரோப்பியருக்கு விரிவாகச் சொன்னவர் தொமிங்கோ நவரேத்தே என்ற ஸ்பானியப் பாதிரியார். பல வருடம் சீனாவில் இருந்தவர். 1670இல் மக்காவிலிருந்து கப்பலேறி, மலாக்கா வழியாக, மதராசுபட்டினத்தில் இறங்கி, கோல்கொண்டா போய், பிறகு ஊர் திரும்பினார். இந்தத் தகவல் எனக்குத் தனியாகப் பிடிக்கும். டோஃபு தின்ற வயிறு ஒன்று சோழமண்டலக் கரையில் நடந்து போயிருக்கிறது, ஆனால் செய்முறையை அங்கே யாருக்கும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை. அவருடைய நூல் 1676இல் மத்ரித்தில் அச்சாகி, 1704இல் லண்டனில் ஆங்கிலத்திலும் வந்தது. சக்கரவர்த்தி முதல் கூலியாள் வரை சீனத்தில் எல்லாரும் உண்ணும் மலிவான உணவு என்று எழுதியவர், என் குசினிப் பிரச்சினையையும் சரியாகப் பிடித்திருந்தார். தனியே தின்றால் சப்பென்றிருக்கும், சேர்மானத்தோடு சமைத்தால் நல்லது, பொரித்தால் மிக நல்லது என்பதே அவர் கருத்து. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் ஒரு துறவிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆங்கில மொழிபெயர்ப்பை வாசித்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அமெரிக்கா பிரிவதற்கு முன்னர் அவர் நெடுங்காலம் லண்டனில், சாரிங் குரொஸ் பக்கத்தில் கிரேவன் வீதியில் குடியிருந்தார். சட்டனிலிருந்து விக்டோரியாவுக்கு ரயிலெடுத்து, அங்கிருந்து நடந்தே போகலாம். வீடு இப்போது நூதனசாலை. 1770 ஜனவரி 11ஆம் திகதி அங்கிருந்து பிலடெல்பியாவில் இருந்த தாவரவியலாளர் ஜோன் பார்ட்ரமுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். கூடவே சீனத்து அவரை விதைகளும் அனுப்பினார். அதிலிருந்து ஒரு பாற்கட்டி செய்கிறார்களாம், நவரேத்தே பாதிரியாரின் விவரிப்பு தன் ஆவலைக் கிளப்பியதாம், விசாரித்ததில் ஏதோ உப்பு விட்டுத் திரைய வைக்கிறார்கள் என்று அறிந்தாராம். அதன் பெயரையும் கேட்ட ஒலியில் எழுதியிருக்கிறார். கிரேவன் வீதிக் குசினியில் அவர் அதைச் செய்துபார்த்தாரா என்பது கடிதத்தில் இல்லை.

கவனித்தால், பிராங்க்ளினும் அதைப் பாற்கட்டி என்றுதான் நினைத்தார். ஐரோப்பாவில் டோஃபுவின் கஷ்டம் அங்கேயே தொடங்கியது என்பது என் எண்ணம். 1908, 1909 அளவில் லி ஷிசெங் என்ற சீனர் பாரிஸுக்குப் பக்கத்தில் கொலம்ப் என்ற இடத்தில் ஒரு சோயாத் தொழிற்சாலை திறந்தார். அங்கே அதைப் பிரெஞ்சுக்காரரின் நாக்குக்கு ஏற்பப் பாற்கட்டியாகவும் மாவாகவும் பலகாரமாகவும் விற்றுப்பார்த்தார்கள். நெடுநாள் நிலைக்கவில்லை. பாற்கட்டியை எதிர்பார்த்துக் கடிப்பவருக்கு டோஃபு எப்போதும் ஏமாற்றம்தான். இறைச்சியை எதிர்பார்ப்பவருக்கும் அப்படியே.

இந்தியாவில் காந்தி 1935இல் ஹரிஜன் பத்திரிகையில் சோயா அவரையைப் பற்றி எழுதினார். வார்தாவில் மகன்வாடியில் இருந்தவர்களுக்கு அதைச் சமைத்துப் போட்டுப் பரிசோதனையும் நடந்தது. அந்த இடத்தில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, இளமையில் இதே லண்டனில் கணக்காய்வாளர் படிப்புப் படித்தவர். அவித்த அவரையை நல்லெண்ணத்துக்காக எத்தனை நாள் தின்னமுடியும்? ருசிக்கு வழிசொல்லாத சீர்திருத்தம் அடுப்படி வாசலோடு நின்றுவிடும். எனக்குக் காந்தியிடம் மரியாதை உண்டு, அவரது சமையலிடம் இல்லை.

இலங்கையின் கதை இதைவிட எனக்கு நெருக்கமானது. 1970களில் வெளிநாட்டு உதவியோடு அரசாங்கம் சோயாவைப் பயிரிடவும் உண்ணவும் ஊக்கப்படுத்தியது. 1973இல் திரிபோஷா தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கிளினிக்கில் கொடுத்த சோளமும் சோயாவும் கலந்த அந்த மாவுப் பைக்கற் பல வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். தேங்காய்ப்பூ போட்டுக் குழைத்து உருண்டை பிடித்தால் நல்லாயிருக்கும். குழந்தைக்கு வந்ததை வீட்டில் எல்லாரும் தின்றோம். 1970களின் இறுதியில் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் சோயா உணவு ஆராய்ச்சி நிலையம் வந்தது. சோயாவின் பச்சை மணம் எங்கிருந்து வருகிறது என்பது அப்போதே தெரிந்திருந்தது. விதைக்குள் கொழுப்பும் ஒரு நொதியமும் தனித்தனியே இருக்கின்றன. ஊறிய விதையைக் குளிர்நீரில் அரைத்தால் இரண்டும் சேர்ந்து அந்த மணத்தை உண்டாக்கும். அரைக்கமுன் விதையைக் கொதிநீரில் போட்டால் நொதியம் செத்துவிடும், மணம் எழாது. கொஞ்சம் சோடா உப்புப் போட்டால் அவரை மெதுவாகவும் ஆகும்.

அந்த நாட்களில் அவர்கள் பரப்பிய யோசனைகளில் ஒன்று, தேங்காய் விலை ஏறிய காலத்தில் கறிக்குத் தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகச் சோயாப் பாலை விடலாம் என்பது. நான் இதை வாசித்தபோது கிளிநொச்சி ஈரவிறகுதான் கண்ணுக்குள் வந்தது. தேங்காய் இல்லாதவர்களுக்கு என்று யோசித்த ஒரு பொருள். எங்களுக்கு வந்தபோது தேங்காய் இல்லாததால்தான் அது வாய்க்குள் போகவில்லை.

கடைசியில் நாட்டில் நின்று பிடித்தது பாலும் இல்லை, டோஃபுவும் இல்லை. சோயா மீற்தான். எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் சோயா மாவை அழுத்தமும் சூடும் கொடுத்துப் பிதுக்கி நாராக்கும் அந்தத் தொழில்நுட்பத்தை 1960களில் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்குச் சட்டனிலோ ரூட்டிங்கிலோ எந்தத் தமிழ்க் கடைக்குள் போனாலும் இலங்கைச் சோயா மீற் பைக்கற்றுகள் அடுக்கியிருக்கும். அது ஏன் வென்றது என்பதற்கு என் விளக்கம் எளிது. அது காய்ந்த பஞ்சு. சுடுநீரில் ஊறவிட்டுப் பிழிந்தால் மணம் தண்ணீரோடு போகும், காலியான இடத்துக்குள் எங்கள் குழம்பு போகும். டோஃபு ஏற்கெனவே தண்ணீரால் நிறைந்தது. கெட்டி டோஃபுவிலும் முக்கால் பங்குக்குக் கிட்ட நீர்தான். நிறைகுடத்துக்குள் குழம்பை எப்படி ஊற்றுவது?

இது எனக்குப் புரிந்தது வாசித்து அல்ல, 213ஆம் இலக்க பஸ்ஸால். சட்டனிலிருந்து அந்த பஸ் வூஸ்டர் பார்க் வழியாக நியூ மோல்டனுக்குப் போகும். நியூ மோல்டன் கொரியர்களின் ஊர். கடைப் பெயர்ப்பலகைகளே அவர்கள் எழுத்தில் இருக்கும். அங்கே ஒரு கடையில் வயதான கொரிய அம்மா ஒருவரிடம், இதை எப்படிச் சமைப்பது என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தன் ஆங்கிலத்தில் பதில் தேடிக் கிடைக்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்திக் காட்டினார். பிறகு கையை உதறினார். தண்ணீர் போகட்டும் என்பதுதான் அது.

வீட்டுக்கு வந்து கட்டியைத் துணியில் சுற்றி, மேலே பலகை வைத்து, அதன்மேல் ஐந்து கிலோ சம்பா அரிசிப் பையைத் தூக்கி வைத்தேன். அரை மணித்தியாலத்தில் துணி சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. அதை வெட்டி, நல்ல உப்புக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தேன். டோஃபுவை மீண்டும் தண்ணீரிலா என்று மகள் சிரித்தாள். ஆனால் சூடு உள்நீரை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளும், மேற்பரப்பில் உப்பும் பிடிக்கும், வெளியே எடுத்தால் ஆவி பறந்து தானாகக் காயும். காய்ந்த மேற்பரப்புத்தான் எண்ணெய்யில் சிவக்கும். ஈரமானது வெடித்து ஒட்டிப்பிடிக்கும், அவ்வளவுதான். மஞ்சளும் மிளகாய்த்தூளும் வறுத்த அரிசிமாவும் மெல்லிசாகப் புரட்டிப் பொரித்தேன். எண்ணெய்யில் குழைத்த மசாலாவில் ஊறவைப்பது வீண்வேலை என்பதையும் ஒரு தரம் கெடுத்துத்தான் அறிந்தேன். ஈரமான கட்டிக்குள் எண்ணெய் நுழையாது.

பொரித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், இதற்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு கறி இருக்கிறது என்று உறைத்தது. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. தண்ணீர் நிறைந்த காயை முதலில் பொரித்து, நீரை ஓட்டி, பிறகு புளிக்குழம்பைக் குடிக்கவிடுகிற வேலையைத்தானே அதில் செய்கிறோம். சின்ன வெங்காயம், உள்ளி, வெந்தயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளித்து, பழப்புளி கரைத்துவிட்டு, வறுத்த மிளகாய்த்தூள் போட்டுக் கொதித்து வற்றிய நேரத்தில் பொரித்த துண்டுகள், கடைசியாக முதற்பால். அடுப்பை அணைத்து ஒரு மணித்தியாலம் மூடி வைக்கவேண்டும். மறுநாள் இன்னும் நல்லாயிருக்கும்.

இன்னொரு வழி உறைபெட்டி. கட்டியை உறையவிட்டு, இளகவிட்டு, பிழிந்தால் அது கடற்பஞ்சு மாதிரி ஆகிவிடும். உள்ளே உறைந்த பனித்துகள்கள் துளைகளைப் பெரிதாக்கிவிடும். ஜப்பானில் கோயா மலைத் துறவிகள் பனிக்காலத்தில் கண்டதாக இதற்கும் ஒரு கதை உண்டு. அதைப் பிய்த்துப் போட்டுப் பிரட்டல் கறி வைத்தால் என் கணவர் கணவாயோ என்று கேட்பார். கேட்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

முதல் தரம் பொரித்த குழம்பு சரிவந்த அன்று, வெள்ளிக்கிழமை, நால்வரும் மேசையில் இருந்தோம். புட்டும் குழம்பும். மகள் இரண்டாம் தரம் அள்ளினாள். அம்மா ஒரு துண்டை விரலால் நசித்துப் பார்த்தா, வாயில் போட்டா, யோசித்தா.

"செரம்பானிலை அம்மா இதுக்குத் துளி பனங்கட்டி போடுவா. மலாயாவிலை அதுக்குப் பேர் கூலா."

அம்மம்மா தௌகுவில் பொரித்த குழம்பு வைத்திருக்கிறா. 1940களில், மலாயா ரயில்வே குவாட்டர்ஸில், வெள்ளிக்கிழமைகளில். நான் கண்டுபிடித்தேன் என்று நினைத்தது எங்கள் வீட்டில் எழுபது வருடம் பழையது.

"அப்ப கிளிநொச்சியிலை சோயாவை அவிச்சீங்களே அம்மா, அப்ப உங்களுக்கு இது ஞாபகம் வரேல்லையா?" என்று கேட்டேன்.

"அது வேறை, இது வேறை" என்றா. "அது தந்தது."

மகளுக்கு இந்தக் கடைசி வசனத்தை நான் ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அவள் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து, பனங்கட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். இப்போது அவள் வேலைக்குப் போகிறாள், கிழமை முடிவில் வருவாள். ஒன்பது மணிக்குத் தாச்சிச் சத்தம் கேட்பதில்லை. உறைபெட்டியில் ஒரு கட்டிதான் மிச்சம், வியாழக்கிழமை 213இல் போய்வர வேண்டும்.